முடிச்சுப் போட்ட கை

எனக்குக் கை பெரிது. இதைச் சொல்லிக்காட்டாத சொந்தக்காரர் ஈப்போவில் இல்லை. ஒரு ஹோட்டலின் டோபியில், துணி துவைக்கும் பிரிவில், பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். மெஷினிலிருந்து ஈரப் படுக்கை விரிப்புகளை வாரித் தள்ளுவண்டியில் போட வேண்டும். தண்ணீர் குடித்த விரிப்பு பிணக் கனம் கனக்கும். அதைப் பதினாறு வருடம் தூக்கினவளுக்குக் கை கொடி மாதிரியா இருக்கும்?

அந்தக் கைதான் அம்மாவைத் தூக்கியது. வாதம் வந்து அவளுக்கு வலப்பக்கம் விழுந்த நாளிலிருந்து, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, எல்லாம் நான்தான். அம்மா கோலா கங்சார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். இரண்டு வாளிப் பாலையும் ஸ்டோர் வரைக்கும் கீழே வைக்காமல் சுமந்தவள். இடக்கையால் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீ ஆம்பளப் புள்ளையா பொறந்திருக்கலாம்" என்பாள். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொள்வேன். வேறு பாராட்டு எனக்கு வந்ததில்லை.

தம்பிக்குத் தெலுக் இந்தானில் பெண் அமைந்தது. அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே பேச்சு. "அவன் தாலி கட்டுறத இந்தக் கண்ணால பாத்துட்டா போதும்மா. அப்புறம் சாமி எப்பக் கூப்டாலும் போறேன்." மண்டபத்துக்குத் தூக்கிப்போய் முன்வரிசையில் உட்கார வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

கெடுத்தது பெரியம்மா. மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போட்டதும், மீதி இரண்டை அவன் அக்கா போட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ரவிக்கைக்கு அளவு கொடுக்கப் போன இடத்தில், தையற்கார அக்கா என் கையைச் சுற்றி டேப்பை வைத்தபோது பெரியம்மா சொன்னார்: "முடிச்சு போடறப்ப வீடியோக்காரன் உன் கையத்தான் புடிப்பான். பொண்ணு வீட்டுக்காரங்க எல்லாம் பாப்பாங்க. இத வச்சிக்கிட்டா மேடை ஏறப்போற?"

தையற்கார அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. நாற்பத்திரண்டு வயதுக்காரி, சிரித்துவிட்டு, "ரெண்டு இன்ச் கொறச்சே தைங்கக்கா, அதுக்குள்ள எளச்சிருவேன்" என்றேன்.

சோற்றை விட்டேன். மெலிய வைக்கும் கோப்பி என்று பெரியம்மாவே பாக்கெட் பாக்கெட்டாகக் கொண்டுவந்து கொடுத்தார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, இடையில் இரண்டு பிஸ்கட். டோபியில் குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டும். கூட வேலை செய்யும் மலாய்க்கார அக்கா ஒருநாள் தன் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நகர்த்தினார். வேண்டாம் என்றேன். அம்மாவும், "கன்னம் ஒட்டிப்போச்சு, ஒரு வாய் சாப்டு" என்று முனகிக்கொண்டே இருந்தாள். நான் காதில் வாங்கவில்லை. கண்ணாடியில் தோள் எலும்பு தெரிந்த அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தை விட்டுத்தான் சொல்கிறேன்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, அம்மாவைக் குளிப்பாட்டிவிட்டு வழக்கம்போல் தூக்கினேன். பாதி எழுப்பியபோதே கை நடுங்கியது. அம்மாவுக்கும் அது தெரிந்துவிட்டது. "விட்றாதம்மா" என்றாள்.

விட்டுவிட்டேன்.

இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. மண்டபம் பிடித்தாயிற்று, பத்திரிகை கொடுத்தாயிற்று, முகூர்த்தத்தைத் தள்ளக்கூடாது என்றார்கள். அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்க நான் மேடையேறினேன். ரவிக்கை கச்சிதமாக இருந்தது. தம்பி முதல் முடிச்சைப் போட்டான், மற்ற இரண்டையும் நான் போட்டேன். நான் அழுததைப் பார்த்தவர்கள் ஆனந்தக் கண்ணீர் என்று சொல்லிக்கொண்டார்கள். பந்தியில் பெரியம்மா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "இப்பத்தான்லா பொம்பள மாதிரி இருக்க" என்றார். ஓர் அறை விட்டிருக்கலாம். அதற்கும் தெம்பில்லை.

ஒரு வருடம் ஆகிவிட்டது. அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். எலும்பு கூடிவிட்டது, தினமும் நாற்காலியில் உட்கார வையுங்கள், படுத்தே கிடந்தால் முதுகு புண்ணாகிவிடும் என்கிறார் டாக்டர். கல்யாண வீடியோவை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். தாலி கட்டும் இடம் வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் இப்போது சோறு சாப்பிடுகிறேன், இரண்டு தட்டு. கை பழையபடி ஆகிவிட்டது. டோபியில் ஆண்கள் இழுக்கத் திணறும் வண்டியைத் தனியாக இழுக்கிறேன்.

இன்று காலை ஜன்னலோரம் உட்கார வைக்கலாம் என்று அம்மாவின் தோளுக்கடியில் கையைக் கொடுத்தேன். அவள் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்மா. தம்பி வரட்டும்."

"இப்ப என்னால முடியும்மா. பயப்படாத."

"தெரியும்மா. தம்பி வரட்டும்." என் மனம் நோகக்கூடாது என்று மெதுவாகத்தான் சொன்னாள். கம்பியை மட்டும் விடவில்லை.

தம்பி கல்யாணமானதும் தெலுக் இந்தானுக்கே குடிபோய்விட்டான். ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். இன்று திங்கள்.