டாங்க் கிளீனரின் பட்டினி

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டுக்கு மீன்தொட்டி வந்தபோது முகம் சுளித்தவர் மாமிதான். என் கணவரின் தாய், சுத்த சைவம். யாழ்ப்பாணத்து வீட்டை விட்டு வரமாட்டேன் என்று மாமா அங்கேயே நின்றுவிட்டார். கண் டாக்டரிடம் காட்ட வந்த மாமி, போரில் யாழ்ப்பாணப் பாதை பூட்டியதும் எங்களோடு அகப்பட்டுக்கொண்டார். மாமாவிடமிருந்து கடிதமும் இல்லை, போனும் இல்லை.

தொட்டியில் எனக்குப் பிடித்தது, கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு கிடக்கும் கறுத்தக் கெளுத்திதான். கடைக்காரர் அதை டாங்க் கிளீனர் என்றார். “சாப்பாடு ஒண்ணும் போடத் தேவல்ல மிஸ், பாசியத் திண்டே வளரும்.”

மாமிக்கு நம்பிக்கை வரவில்லை. “மச்சம் மாமிசம் ஒண்டும் தின்னாதோ?”

“இல்லை மாமி, பாசிதான்.”

“அட, அப்ப எங்கட ஆள்!”

அன்றிலிருந்து அது மாமியின் சைவப்பிள்ளை. வாயை ஒட்டி வைத்தபடியே எப்படித்தான் மூச்சு விடுகிறது? நான் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். “உலையில அரிசி கொதிக்குது, உனக்கும் பாசிதானோ பிள்ளை?” என்பார் மாமி.

அப்படிப் பார்க்கும்போதுதான் அதன் வயிறு உள்ளே ஒட்டிக் கிடப்பது தெரிந்தது. ஏதும் நோய் வருத்தமோ, தண்ணீர் ஒத்துவரவில்லையோ என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். தீனி போட்டால் மற்ற மீன்கள் மேலேயே அள்ளிவிட்டன. நாளுக்கு நாள் அது மெலிந்துகொண்டே போனது.

ஒரு வெள்ளிக்கிழமை. மாமி வழக்கம்போல வீடு முழுக்கக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, கடைசியில் தேங்காய்த் தும்பை எடுத்துத் தொட்டிக்குள் கையை விட்டார். பச்சைப் பொட்டு ஒன்றும் விடாமல் உரஞ்சினார். எனக்குப் பொறி தட்டியது.

“ஐயோ மாமி, அதின்ர சோத்தையெல்லோ உரஞ்சிறியள்!”

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். மாமி சிரிக்கவில்லை. தும்பைக் கீழே போட்டுவிட்டுக் கதிரையில் போய் உட்கார்ந்துவிட்டார். “பாவி நான். வாயில்லாச் சீவனைப் பட்டினி போட்டுட்டனே.” மத்தியானம் சோறு வேண்டாம் என்றார். சொல்லாமலே விட்டிருக்கலாம்.

பாசி திரும்பப் பிடிக்கும்வரை அது தாங்காது. வேறு என்னதான் தின்னும்? கீரை போட்டுப் பார்த்தோம், மிதந்தது. அவித்த பூசணி கரைந்து தண்ணீரைக் கலக்கியது. கடைசியில் வெள்ளரிக்காய்த் துண்டொன்றைக் கல்லில் நூலால் கட்டி அடியில் இறக்கினேன். கெளுத்தி அசையவே இல்லை. செத்துவிட்டதோ என்று மாமி இரண்டுமுறை கேட்டார்.

பொழுதுபடும் நேரம் கரண்ட் போனது. மெழுகுதிரியைக் கொண்டுபோய்ப் பார்த்தால், கெளுத்தி வெள்ளரித் துண்டின் மேல் வாயை வைத்து அப்பிக்கொண்டிருந்தது.

“தின்னுது பிள்ளை, தின்னுது!” மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் இருவரும் குனிந்து பார்த்தபடியே நின்றோம். பிறகு, கண்ணை அதிலிருந்து எடுக்காமலே கேட்டார்:

“அங்கயும் ஆராவது அந்த மனுசனுக்கு ஒரு வாய் குடுத்திருப்பினம், என்ன?”

“ஓம் மாமி,” என்றேன். எனக்கு என்ன தெரியும்? உள்ளே போய் மாமிக்குச் சோறு போட்டேன்.