இன்ச்சு மாஸ்டர் வெட்டிய பிசிறு

பிரேக் பேட் வாங்க வருகிறவர்கள் வண்டியின் மாடலைச் சொல்வார்கள். விவரமானவர்கள் பழைய பேடைக் கழற்றிக் கையோடு கொண்டுவருவார்கள். இன்ச்சு மாஸ்டர் பிரவுன் பேப்பரில் பேட்டர்ன் வெட்டிக்கொண்டு வந்தார். காரின் பின்பெட்டியில் பழைய சொந்தக்காரர் போட்டுவைத்திருந்த தேய்ந்த பேட் ஒன்றைக் காகிதத்தின் மேல் வைத்துக் கோடு இழுத்து, காலர் வெட்டுவது போலக் கச்சிதமாக வெட்டி, ஓரத்தில் அளவும் எழுதியிருந்தார். அந்தப் பேடையே எடுத்து வந்திருக்கலாமே என்றால், கிரீஸ் பட்ட கையால் வெள்ளைத் துணியை எப்படித் தொடுவது என்று நம்மையே திருப்பிக் கேட்பார்.

உதிரிபாகக் கடைக்காரம்மா பேட்டர்னைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"மாடலும் வருஷமும் சொன்னாப் போதுமே மாஸ்டர். இது என்ன, பேடுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

"அளவு தப்பாயிட்டா யாரு பொறுப்பு? சீக்கிரம் எடும்மா. சாயங்காலத்துக்குள்ள மாத்தணும்."

மணி மூன்று இருபது. மாஸ்டரின் மனைவி காலையிலேயே அவருடைய அக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு மேட்டுக்கு மேலே இருக்கும் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். நாலு மணி வாக்கில் கிளம்பி, அந்தச் சரிவுச் சாலையில் இறங்கி வருவாள். சரிவு மூன்று கிலோமீட்டர், வளைவுகள் ஏழு. அடிவாரத்தில் பள்ளிக்கூடத்தின் கேட். அந்தக் கேட்டுக்கு எதிரேதான் இந்தக் கடையும் இருந்தது.

மாஸ்டரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட வேண்டும். முப்பத்திரண்டு வருடத் தையல்காரர். கழுத்தில் இன்ச் டேப் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் இரண்டே பேர்தான்: அவர் மனைவி, அவருக்குப் பல் பிடுங்கிய டாக்டர். மூன்று தடவை அளக்காமல் துணியில் கத்தரியை வைக்க மாட்டார். கெட்டிக்காரர்தான், ஆனால் ஒரு கோளாறு உண்டு. எங்கேயாவது நூல் பிசிறு தொங்கினால் அவர் கை சும்மா இருக்காது. ஒரு துக்க வீட்டில், அழுதுகொண்டிருந்தவரின் தோளில் ஆறுதலாகக் கை வைத்தவர், கையோடு கையாக அங்கே தொங்கிய பிசிறையும் கிள்ளிவிட்டு வந்தார்.

காரை ஓட்டுவது மனைவிதான். மாஸ்டரும் பழகப் போனார். நாலாம் நாள் பயிற்சிக்காரர் பெரிய கும்பிடாகப் போட்டு அனுப்பிவைத்தார். மனைவி நாற்பத்தொன்பது வயதில் போய், முதல் தேர்விலேயே உரிமம் வாங்கிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து மாஸ்டர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். மிதித்து மிதித்து அவர் காலடி விரிப்பு ஓட்டையாகி, அதற்கும் அவரே கெட்டித் துணியில் ஒட்டுப்போட்டிருந்தார்.

கடைக்காரம்மா இரண்டு பெட்டிகளை மேசைமேல் வைத்தாள்.

"இது கொஞ்சம் மெத்துன ரகம். கப்புனு பிடிக்கும், ஆனா சீக்கிரம் தேயும். இந்த இன்னொண்ணு கெட்டி ரகம். ரெண்டு மடங்கு உழைக்கும். உங்களுக்கு எது?"

மாஸ்டர் இரண்டையும் பேட்டர்னின் மேல் வைத்துப் பார்த்தார். டேப்பை எடுத்து நீளம், அகலம், கனம் அளந்தார். கட்டைவிரலால் தேய்த்து, துணியின் தரம் பார்ப்பது போல மேற்பரப்பைத் தடவினார். அளவில் இரண்டும் ஒன்றுதான். கெட்டி ரகம் நறுவிசாக இருந்தது. மெத்தென்ற ரகத்தின் ஓரத்தில் மட்டும் மெல்லிய தகரம் ஒன்று வளைந்து நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் மாஸ்டரின் விரல் தானாக அங்கே போயிற்று.

"ஃபினிஷிங் சரியில்லையேம்மா. பிசிறு நீட்டிக்கிட்டு இருக்கு. எங்க வண்டியிலயும் இப்படித்தான் இருந்துச்சு. கெட்டி ரகத்தையே கொடுத்துடு."

"பிசிறா? அதுதான் மாஸ்டர் இதோட நாக்கு!" என்று சிரித்தாள் அவள். "பேட் தேஞ்சு அடிமட்டத்துக்கு வந்துட்டா, இந்தத் தகரம் போயி சக்கரத்தோட சேந்து சுத்துற டிஸ்க்குல உரசும். கீச்சு கீச்சுனு கத்தும். என்னை மாத்து, மாத்துன்னு கத்துறதுக்குன்னே வெச்சிருக்காங்க. கெட்டி ரகத்துல இது கிடையாது, நாமதான் அப்பப்போ கழட்டிப் பாத்துக்கணும். உங்க வண்டி கத்த ஆரம்பிச்சு எத்தனை நாளாச்சு?"

மாஸ்டர் கையிலிருந்த டேப் மேசையில் விழுந்து, சுருள் பிரிந்து கீழே தொங்கிற்று.

இரண்டு மாதத்துக்கு முன்னால் வண்டி கத்தியது. பிரேக்கை மிதித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு கீச்சல். அந்தச் சமயம் பார்த்து முன்சக்கரம் பஞ்சரானது. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றியவர் மாஸ்டர். உள்ளே எட்டிப் பார்த்தால், ஒரு தகரத் துணுக்கு டிஸ்க்கை உரசிக்கொண்டு நிற்கிறது. ஆகா, அகப்பட்டாயா என்று கட்டிங் பிளேயரை விட்டு நறுக்கென்று வெட்டினார். அதோடு விட்டாரா என்றால் இல்லை. மறுபக்கச் சக்கரம் ஒரு குறையுமில்லாமல் நின்றுகொண்டிருந்தது. அதையும் வேலை மெனக்கெட்டுக் கழற்றி, அங்கே இருந்த தகரத்தையும் வெட்டினார். அதன்பிறகு வண்டி வாயைத் திறக்கவில்லை. ஒரு வாரம் வரைக்கும் தன் தையல் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

"நான் அதை வெட்டிட்டேன்" என்றார் இப்போது.

"எதை?"

"நாக்கை. ரெண்டு பக்கமும்."

"ரெண்டு பக்கமுமா? ஏன் மாஸ்டர்?"

"ஒரு கை நீளமா, ஒரு கை கட்டையா சட்டை தைக்க முடியுமா?" வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

கடைக்காரம்மாவின் சிரிப்பு நின்றது. "இப்ப வண்டி எப்படி இருக்கு? மிதிச்சா என்ன சத்தம் வருது?"

மனைவி மூன்று முறை சொல்லியிருந்தாள். ஒரு மாதத்துக்கு முன் சொன்னாள்: "பிரேக் முன்ன மாதிரி இல்லீங்க." சத்தம் இல்லையே, அப்புறம் என்ன என்றார். பத்து நாளைக்கு முன் சொன்னாள்: "நிக்க நேரமாகுதுங்க." நீ மெதுவாகப் போ என்றார். இன்று காலை சொன்னாள்: "மிதிச்சா காலுக்கடியில என்னமோ கரகரன்னு அரைக்குது. நேத்து ராத்திரியே ஆரம்பிச்சிடுச்சு." அக்காவின் அறுவைசிகிச்சைக்கு எழுதிக்கொடுத்த நாள், தட்ட முடியாது. சரி, இன்றைக்கே பேட் வாங்கி வைக்கிறேன், நீ போய்விட்டு வா என்று அவரே கையசைத்து அனுப்பினார்.

"அரைக்குதாம்" என்றார்.

"அப்ப பேட்டே இல்ல மாஸ்டர். இரும்பும் இரும்பும் உரசுது. ஏத்தத்துல தெரியாது, சமதரையிலயும் ஒருமாதிரி நின்னுடும். இறக்கத்துல சூடேறிடுச்சுன்னா பிடிக்கவே பிடிக்காது. வண்டி இப்ப எங்க இருக்கு?"

மாஸ்டர் மேட்டைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

மாஸ்டர் மனைவிக்குப் போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள். வண்டி ஓட்டும்போது போனைத் தொடவே கூடாது என்று சட்டம் போட்டவர் அவர்தான். போனை வைத்துப் பூட்ட ஜிப் வைத்த பை தைத்துக் கொடுத்தவரும் அவர்தான். சத்தம் வெளியே வராதபடி உள்ளே பஞ்சு வேறு வைத்துத் தைத்திருந்தார். மூன்று முறை அடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போட்டார். கண்கட்டோடு ஒரு அம்மா, கூட ஒரு அம்மா, சிவப்புக் கார் என்று தடுமாறிச் சொன்னார்.

"அவங்க சீக்கிரமே முடிச்சுட்டுக் கிளம்பிட்டாங்க சார். பத்து நிமிஷம் இருக்கும்" என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

ஆஸ்பத்திரியிலிருந்து சரிவின் உச்சிக்கு ஐந்து நிமிஷம்தான். எதிரே பள்ளிக்கூட கேட்டில் பெற்றோர்கள் கூட ஆரம்பித்திருந்தார்கள். இன்னும் சற்று நேரத்தில் மணி அடிக்கும். உள்ளே இருக்கும் முந்நூறு பிள்ளைகளில் பாதிப் பேருக்காவது சீருடை தைத்தவர் மாஸ்டர். அளந்து அளந்து வாழ்ந்த மனிதர், அளக்காமல் ஒரே ஒரு தடவை வெட்டியிருக்கிறார்.

கடைக்காரம்மா இரண்டு பெட்டியையும் ஒரு பையில் போட்டாள், ஜாக்கியையும் ஸ்பேனர்களையும் இன்னொரு பையில் போட்டாள், கடையின் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். "ஏறுங்க!"

ஸ்கூட்டர் முக்கி முக்கி ஏறியது. மாஸ்டர் பைகளைக் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்து, எதிரே வருகிற ஒவ்வொரு வண்டியையும் பார்த்தார். முதல் வளைவு: லாரி. இரண்டாம் வளைவு: யாருமில்லை. மூன்றாம் வளைவில் ஒரு சிவப்புக் கார் சர்ரென்று பாய்ந்து வந்தது. மாஸ்டரின் வலது கால் தன்னையறியாமல் காற்றை மிதித்தது. கார் கடந்து போயிற்று. உள்ளே இருந்தது யாரோ.

"கடவுளே, அவளுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது" என்று வாய்விட்டே சொன்னார். இருபத்தாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவளைப் பற்றி அவர் சத்தமாகச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. கேட்டது கடைக்காரம்மா.

நாலாம் வளைவுக்கு முன்னால் ஹாரன் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, பத்துப் பதினைந்து ஹாரன்கள். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மாஸ்டர், கண்ணைத் திறங்க."

வளைவில் ஒரு ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. வரிசையாகக் கார்கள், வேன்கள், ஒரு பஸ், எல்லாம் ஹாரனை அழுத்திக்கொண்டு, திட்டிக்கொண்டு. அத்தனைக்கும் முன்னால், நடந்து போகிறவர் முந்திவிடும் வேகத்தில் அந்தச் சிவப்புக் கார். முதல் கியரில் உறுமிக்கொண்டு, இடப்பக்கச் சக்கரங்கள் சாலையோரச் சரளையில் உரச, இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்தாற்போல அவர் மனைவி. ஒரு கை ஹேண்ட் பிரேக்கிலேயே இருந்தது. பின்னால் கத்துகிற எவனையும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வளைவைத் தாண்டியதும் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதற்குப் பக்கத்தில் சாலை கொஞ்சம் சமனாகும். அங்கே ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஒரு மைல்கல்லில் மெல்ல முட்டி நிறுத்தினாள். சக்கரத்திலிருந்து கருகல் வாடை வந்தது. மாஸ்டர் ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"யாரு, தம்பியா?" என்றாள் ஒற்றைக்கண் கட்டோடு உட்கார்ந்திருந்த அக்கா. "என்னடா இது, கல்யாண ஊர்வலம் மாதிரி கூட்டிட்டு வர்றா உன் பொண்டாட்டி?"

மனைவி இறங்கினாள். காரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மொத வளைவுல மிதிச்சேங்க. பிடிக்கல. பாதிதான் பிடிச்சுது. அப்புறம் பிரேக்கை நம்பவே இல்ல."

மாஸ்டர் மறைக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். பெட்டியைத் திறந்து புதுப் பேடின் தகரத்தைக் காட்டி, இது தேய்ந்தால் கத்தும், கத்தியதை நான்தான் பிசிறு என்று வெட்டினேன், ரெண்டு பக்கமும் வெட்டினேன் என்று ஒப்புக்கொண்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது. "அது கத்தியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்மா. கத்தலையே, அதான் எனக்கு..."

"அது கத்தல" என்றாள் அவள். "நான் கத்தினேனே. மூணு தடவை."

ஹாரன்கள் ஒவ்வொன்றாகக் கடந்து இறங்கிப்போயின. மாஸ்டர் தலை குனிந்தார்.

கடைக்காரம்மா அதற்குள் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றியிருந்தாள். பழைய பேடை இடுக்கியால் வெளியே எடுத்தாள். பேடே இல்லை, வெறும் இரும்புத் தகடு, நீலம் பாரித்திருந்தது. டிஸ்க்கிலும் ஆழமாகக் கோடு விழுந்திருந்தது. இன்றைக்குப் பேட் மாட்டுகிறேன், மெதுவாக வீடு போய்ச் சேருங்கள், நாளைக்கு டிஸ்க்கையும் மாற்றியாக வேண்டும் என்றாள். பிறகு இரண்டு பெட்டியையும் நீட்டினாள்.

"மாஸ்டர், எதை மாட்ட? கெட்டியா, மெத்துனதா?"

மாஸ்டர் பெட்டிகளைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார். "ஓட்டுறது நீ. நீயே சொல்லும்மா."

அவள் இரண்டு பேடையும் கையில் வாங்கினாள். அளக்கவில்லை, தடவிப் பார்க்கவுமில்லை. நீட்டிக்கொண்டிருந்த தகரத்தை மட்டும் விரல்நுனியால் ஒருமுறை தொட்டுவிட்டு, அந்தப் பேடைக் கடைக்காரம்மாவிடம் கொடுத்தாள்.

"கத்துறதையே போடுங்க" என்றாள். "இவர்கிட்ட கத்துறதுக்கு நான் ஒருத்தி பத்தல."