முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு கடிதம்

அந்தக் கடிதத்தின் நான்கு மூலைகளிலும் அப்பா மஞ்சள் தடவினார். பிறகு கண்ணாடிச் சட்டம் போட்டு, சிங்கப்பூர் பஃபலோ ரோட்டில் நாங்கள் குடியிருந்த மாடி அறையில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். பல்கலைக்கழகம் அக்காவுக்கு அனுப்பிய கடிதம் அது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. அக்காதான் வாசித்துச் சொன்னாள்: "படிப்பு முடிஞ்சிடுச்சுன்னு எழுதியிருக்காங்கப்பா. நாலு வருஷப் படிப்ப மூணே வருஷத்துல முடிச்சிட்டேன். ஒரு வருஷ ஃபீஸ் மிச்சம்."

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தெரிந்த கடைகளுக்கெல்லாம் லட்டு கொண்டுபோய்க் கொடுத்தார். அக்கா காத்தோங்கில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியையாகப் போனாள். பிறகு நான் படித்ததெல்லாம் அவள் சம்பளத்தில்தான்.

பன்னிரண்டு வயதில், ஆங்கிலம் ஓரளவு பிடிபட்டதும், ஒருநாள் சாமி கும்பிடும்போது அந்தக் கடிதத்தை நானே வாசித்துப் பார்த்தேன். முடிந்துவிட்டது என்று அதில் எங்குமே இல்லை. மூன்று வருஷப் பட்டப்படிப்பில் அக்கா மிக நன்றாகத் தேறியிருப்பதால், நான்காம் ஆண்டு ஆனர்ஸ் என்ற சிறப்புப் பட்டம் படிக்க வரும்படி அழைத்திருந்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் வேண்டாமென்று விட்ட அழைப்புக்கா அப்பா தினமும் சூடம் காட்டுகிறார்? அக்காவிடம் கேட்டேன். "உன் இங்கிலீஷ் இன்னும் பத்தாதுடீ, போய்ப் படி," என்றாள். நான்தான் தப்பாக வாசித்துவிட்டேனோ என்று வெகுநாள் குழம்பினேன்.

அறுபதுகளின் கடைசியில் எனக்கும் அதே கடிதம் வந்தது. அப்பா அதை வாங்கிக்கொண்டுபோய்ச் சட்டத்துக்குப் பக்கத்தில் பிடித்து, பல்கலைக்கழகச் சின்னத்தையும் வரிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஏம்மா, ரெண்டும் ஒரே லெட்டர்தானே? நீயும் ஒரு வருஷம் முன்னாடியே முடிச்சிட்டியா?"

உண்மையைச் சொன்னால் சுவரில் இருப்பது பொய்யாகிவிடும். சொல்லாவிட்டால் என் ஆனர்ஸ் போய்விடும். சேலை மடித்துக்கொண்டிருந்த அக்கா தலையே நிமிராமல் சொன்னாள்: "இல்லப்பா, அவளுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு. அவ கொஞ்சம் மெதுவாத்தான் படிப்பா லா. ஃபீஸ நான் பாத்துக்கறேன்."

அப்பா முகம் சுருங்கிப்போனது. "பெரியவ மூணு வருஷத்துல முடிச்சா, சின்னவளுக்கு நாலு வருஷமாச்சு," என்று வந்தவர் போனவரிடமெல்லாம், சாகும்வரை சொன்னார். எனக்கு ஆத்திரமாக வரும், அக்காவோ ஒன்றும் தெரியாதவள்போல் காப்பி கலக்கிக்கொண்டிருப்பாள்.

அவள் எனக்காக விட்டாளா, படித்துச் சலித்துப்போய் விட்டாளா? இன்றுவரை எனக்குத் தெரியாது. போன வாரமும் கேட்டேன். "யாருக்குடீ ஞாபகம்," என்றாள். இப்போது அந்தச் சட்டம் என் வீட்டில், முருகனுக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. மூலைகளில் மஞ்சள் இன்னும் லேசாகத் தெரிகிறது. என் கடிதம் எந்தப் பெட்டியில் கிடக்கிறதோ, நான் தேடவில்லை.