அப்பா எழுந்தால்தான் ஜீப் கிளம்பும்

இன்று காலை எங்கள் அப்பா இறந்துபோனார்.

(பதறி யாரும் போன் செய்ய வேண்டாம். கேமில்தான்!)

மற்றவர்கள் போடுவதைப் படித்துவிட்டு ஒரு லைக் கூடப் போடாமல் ஓடிவிடுகிற ஆள் நான். ஆனால் இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியதிலிருந்து சாந்தன்பாறைப் பக்கம் ஒரு ஸ்டோரில் ஏலக்காய் தரம் பிரிக்கிறேன். மற்ற நேரத்துக்குத் துணை, திருப்பூருக்கு வேலைக்குப் போன செல்வி அக்கா கொடுத்துவிட்டுப் போன பழைய கேம் மெஷின். கையில் வைத்து விளையாடுவது. அதில் இருப்பது ஒரே ஒரு ஜப்பான் கேம். நாலு பேர் வரிசையாக நடந்து, ஊர் ஊராகப் போய்ப் பேய்களை அடிக்க வேண்டும். நாலு பேருக்கும் நாமே பெயர் வைக்கலாம்.

என் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், செல்வி அக்கா பெயர் என்று வைத்தேன். அப்பா வாள் வீச்சு. அம்மா வைத்தியம். வைத்த அன்றே அம்மாவிடம் பெருமையாகக் காட்டியும் தொலைத்தேன்.

இந்தக் கேமில் ஒருவர் இறந்துவிட்டால் ஆள் மறைந்து போவதில்லை. வரிசையில் அவர் இடத்தில் ஒரு சவப்பெட்டி பின்னாலேயே இழுபட்டு வரும். ஊர்க் கோயிலுக்குக் கொண்டுபோனால் பூசாரி எழுப்பி விடுவார்.

இனி நிஜ அப்பா. ஏலத்தோட்டத்தில் மருந்தடித்து மருந்தடித்து அவருக்கு இருமல் நிற்பதே இல்லை. தேயிலை ஃபேக்டரியில் வாட்ச்மேன் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், இன்று காலை ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குக் காலையில் ஒரே ஜீப். அதை விட்டால் அந்த வேலை வேறு யாருக்கோ!

அப்பா தேய்த்த சட்டை போட்டு, திருநீறு பூசி, வாசலுக்கு வந்தார்.

எனக்குப் பால் ஊற்றாத கட்டன் சாயா கொண்டுவந்த அம்மா திரையைப் பார்த்தாள்.

"ஏய், அது என்னடி பெட்டி?"

எனக்குப் பொய் சொல்ல வராது. "அப்பா."

டம்ளர் ணங்கென்று கீழே விழுந்தது.

"இந்தாங்க! வாசலத் தாண்டாதீங்க!"

ஒரு காலில் செருப்போடு அப்பா நின்றுவிட்டார். "என்ன புள்ள, என்னாச்சு?"

"நீங்க செத்துக் கெடக்கீங்க!"

"நானா? இந்தா நிக்கிறேன்ல?"

"நல்ல காரியத்துக்குக் கெளம்பையில உங்க பேர்ல பெட்டி போகுது. பேசாம உள்ள வாங்க."

நான் ஒரு யோசனை சொன்னேன். என் ராத்திரி உழைப்பெல்லாம் போய்விடும், பரவாயில்லை.

"அம்மா, அணைச்சுட்டுத் திருப்பிப் போட்டா அப்பா பழையபடி வந்துருவாரும்மா."

"அவரு கெடக்கையில அணைப்பியா நீ? கைய ஒடிச்சுப்புடுவேன்! கோயிலுக்குக் கொண்டுபோடி!"

நான் இருந்ததோ குகையின் அடி ஆழத்தில், பேய்களுக்கெல்லாம் தலைவனான பெரிய பாஸின் கதவுக்கு முன்னால். கோயில் இருப்பது வெளியே, காட்டைத் தாண்டி. நாலடிக்கு ஒரு பேய் வரும்!

வெளியே ஹாரன். மறுபடி ஹாரன். கடைசியில் டிரைவர் பாண்டி அண்ணனே உள்ளே வந்துவிட்டார். "என்ன மாமா, கெளம்பலையா?"

"நான் செத்துட்டேனாம்ப்பா. எழுப்புறாங்க. சித்த பொறு."

ஜீப்பில் இருந்த அத்தனை பேரும் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். யாராவது மணி கேட்டாலே எனக்கு வார்த்தை வராது. இப்போது என் கழுத்தில் ஊரே மூச்சு விடுகிறது!

'ஓடு' என்று அழுத்தினால் ஓட முடியவில்லை. 'அடி' என்று அழுத்தினால் படவில்லை.

"பாம்ப விடு, அந்த வவ்வால அடி புள்ள!" இது பாண்டி அண்ணன்.

"நான் ஏன்டி மரமா நிக்கிறேன்? வைத்தியம் பாக்க வேண்டியதான?" இது அம்மா.

"உனக்கு சக்தி தீந்துருச்சும்மா."

"தீராம? வெடியக்கால இருந்து அத்தனை ஜோலியும் நாந்தான பாக்குறேன்! சரி, இவரு சாகையில நான் எங்க போனேன்?"

"தூங்கிட்டு இருந்த. பேய் மந்திரம் போட்டுருச்சு."

அப்பா களுக்கென்று சிரித்தார். அம்மா திரும்பிப் பார்த்தாள். அப்பா உடனே இருமினார்.

எப்படியோ கோயிலுக்கு வந்தோம். பூசாரி காணிக்கை கேட்டார். என்னிடம் காசு போதவில்லை! பாஸை அடிப்பதற்காக நாள் கணக்கில் தேடி எடுத்த வாள் ஒன்றுதான் விலை போகும்.

"வித்துரு," என்றாள் அம்மா. ஒரே சொல்.

விற்றேன். (அழவில்லை. கண்ணில் ஏதோ விழுந்தது.)

மணி அடித்தது, வெளிச்சம் வந்தது, பெட்டி போய் அப்பா எழுந்து நின்றார். ஜன்னலில் கைதட்டல்! அம்மா நிஜ அப்பாவுக்குத் திருநீற்றைப் புதிதாகப் பூசி, வலது காலை முன்னால் வைக்கச் சொல்லி அனுப்பினாள். ஜீப் பறந்தது.

மத்தியானம் அப்பா போன் செய்தார். வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை சேர வேண்டும். இனி அந்த மருந்து டப்பாவை அவர் முதுகில் தூக்க வேண்டாம். அதைக் கேட்டதும் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் தாங்க முடியவில்லை. "நான் எழுப்பி விடலைன்னா இவருக்கு வேலையா?" என்று அம்மா வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வருகிறாள். பட்டன் அழுத்தியது யார்? நான்!

சாயங்காலம் மெஷினைக் கையில் எடுத்தேன்.

"அப்பாவ எங்கடி கூட்டிட்டுப் போற?"

"பாஸ அடிக்கம்மா."

"திங்கக்கெழம வேலைல சேரப்போற மனுசன். அடிதடிக்கெல்லாம் வர மாட்டாரு. சத்திரத்துல விட்டுட்டுப் போ."

அப்பா இப்போது கேம் சத்திரத்தில் சுகமாக இருக்கிறார். குகை வாசலில் நாங்கள் மூன்று பெண்கள், கையில் பழைய ஓட்டை வாளோடு.

முன்னால் நின்று அடி வாங்க ஆளே இல்லாமல் அந்த பாஸை முடித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கமெண்டில் சொல்லுங்கள். அப்பாவைக் கூட்டிப் போகச் சொல்லுகிறவர்கள், தயவுசெய்து அம்மாவிடம் பேசிக்கொள்ளவும்!