கரைக்காரர் காட்டிய கால்

கரைக்காரர் என்பது படகோட்டுகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர். மலையிலிருந்து செங்குத்தாக இறங்கும் ஆறுகளில் கயாக் படகு விடுகிறவர்கள் தண்ணீரில் இறங்கும் முன், இவர் கரையோடு நடந்துபோய்ப் பார்த்து வருவார். எந்த வளைவில் மரம் சிக்கிக் கிடக்கிறது, எந்தப் பாறைக்கு அடியில் நீர் நுழைகிறது, எந்த அருவியின் கீழே சுழல் ஆளை விடாமல் பிடித்துக்கொள்ளும் என்பதெல்லாம் அவர் கணக்கு. பார்த்து முடித்ததும் ஒரு பாறைமேல் ஏறி நின்று, மேலே காத்திருப்பவர்களுக்குக் கையைக் காட்டுவார். அந்த இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது.

ஒருநாள் கரையிலேயே வழுக்கி விழுந்தார். வலது கால் முறிந்தது. தலையிலும் அடி.

நர்ஸாக நான் அவரைப் பார்த்துக்கொள்ளப் போனபோது முழங்கால்வரை மாவுக்கட்டு. அடிபட்டதிலிருந்து பேச்சு இல்லை. ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் ஒரே மாதிரி தலையாட்டினார். மனைவி தையல் மெஷினைப் படுக்கையறைக்கே நகர்த்திக்கொண்டு வேலை செய்தாள்.

ஒரு காலை கஞ்சியைத் தள்ளிவிட்டு முனகினார்.

"எங்க வலிக்குது?"

கை தயங்காமல் இடது காலைக் காட்டியது. நல்ல கால். கால்சட்டையைச் சுருட்டிப் பார்த்தேன். வீக்கம் இல்லை, சூடு இல்லை, சிவப்பு இல்லை. அழுத்தினேன், முகம் சுளிக்கவில்லை. கட்டுப்போட்ட காலின் விரல்களையும் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தன, நிறமும் சரி. மறுபடி கேட்டேன். மறுபடி இடது கால். கீழே தலையணை வைத்தேன், தட்டிவிட்டார்.

"முப்பது வருஷமா இப்படித்தான் நர்ஸம்மா," என்றாள் மனைவி. "என்ன வேணும்னு இந்த மனுஷன் நேரா சொன்னதே இல்ல."

"பிடிவாதமா, வலியான்னு தெரியலையே."

"ரெண்டும் ஒண்ணாத்தான் வரும்."

மத்தியானம் அவர் உடம்பு லேசாகச் சுட்டது. எங்கோ ஏதோ கெட்டுக்கொண்டிருக்கிறது. எங்கே என்றுதான் தெரியவில்லை. அப்போது மனைவியின் தம்பி வந்தான். அவனும் படகோட்டி.

"என்ன அத்தான், படுத்துக்கிட்டே ஊரை ஆட்டி வைக்கிறீங்களாம்?"

கரைக்காரர் அவனைப் பார்த்து, மெதுவாக இடது காலைக் காட்டினார். அவன் சிரிப்பு நின்றது. நேரே கட்டுப்போட்ட காலிடம் போய்க் குனிந்தான்.

"டேய், அவர் காட்டினது அந்தக் கால்டா," என்றாள் அக்கா.

"இல்லக்கா. இவர் கல்லை எப்பவும் காட்டமாட்டார். போகவேண்டிய பக்கத்தைத்தான் காட்டுவார். ஆபத்தைக் காட்டினா, அதுதான் வழின்னு நினைச்சு எவனாவது அங்கேயே போய் மோதுவான். ஆத்துல எங்க எல்லாருக்கும் அதான் பழக்கம்."

"அதை வீட்டுல ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? இவர் காட்டின பக்கமெல்லாம் நான் போய் எதையோ தேடினேனே."

எனக்கு முழுதாக நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் கட்டுப்போட்ட காலின் குதிகால் பக்கம் மூக்கை வைத்துப் பார்த்தேன். லேசான வாடை. அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை, வண்டி வரவழைத்தோம்.

ஆஸ்பத்திரியில் கட்டை அறுத்தார்கள். குதிகாலில் கட்டு அழுத்தித் தோல் கருத்துப் புண்ணாகியிருந்தது. இன்னும் விட்டிருந்தால் எலும்புவரை போயிருக்கும் என்றார் டாக்டர். தம்பி சொன்ன காரணத்தை அவர் ஏற்கவில்லை. தலையில் அடிபட்டால் இடம் வலம் குழம்பும் என்றார். மனைவியோ இரண்டையும் ஏற்காமல், பிடிவாதம் என்றே சொன்னாள்.

புதுக் கட்டோடு வீட்டுக்கு வந்தோம். படுக்க வைத்துவிட்டு, "இப்ப எங்க வலிக்குது?" என்றேன்.

அவர் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு கட்டுப்போட்ட காலை நேராகக் காட்டினார்.



"இது ஆத்துக் கணக்கா, வீட்டுக் கணக்கா?" என்றாள் மனைவி.

தம்பி தலையைச் சொறிந்தான். "தெரியலக்கா. நர்ஸம்மாவுக்காக மாத்திக்கிட்டாரோ என்னவோ."

நான் விளக்கை இழுத்து வைத்து, இரண்டு கால்களையும் பார்க்க ஆரம்பித்தேன்.