பூபுசாரா வீட்டுப் பெரிய திரை

அத்-பாஷி என்ற மலையூரில் எங்கள் தெருவிலிருந்து ரஷ்யாவுக்கு வேலைக்குப் போகாத பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். போன பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கத் தாய்மாரெல்லாம் பூபுசாரா வீட்டுக்குத்தான் வருவார்கள்.

பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருடம் மாவு பிசைந்தவள் அவள். சர்க்கரை வியாதி கண்ணைப் பாதி தின்றுவிட்டதால், கைபேசியில் வரும் முகம் அவளுக்கு வெறும் மங்கல். கணவன் இறந்தபின் அவளுக்கென்று இருந்தது ஒரே மகன் எர்மெக். மாஸ்கோவில் கட்டட வேலைக்குப் போனவன், முதல் வருடச் சம்பளத்தில் சுவர் அகலத்துக்கு ஒரு தொலைக்காட்சி வாங்கிக்கொடுத்தான். கைபேசியில் தெரிவதை அதில் தெரியவைக்கும் வித்தையையும் சொல்லிக்கொடுத்தான். அதைக் கற்க அவளுக்கு இரண்டு மாதம் பிடித்தது. கற்றபிறகு கேட்கவேண்டுமா? வருகிறவர் செருப்பைக் கழற்றும் முன்பே இணைத்துவிடுவாள்.

வம்பும் வந்தது. ஒருநாள் பக்கத்து வீட்டுக் கானிஷாய் தேநீரும் கையுமாக உட்கார்ந்திருக்கையில், எர்மெக் அனுப்பிய செய்தி திரையில் பெரிய எழுத்தில் வந்து நின்றது: "அம்மா, அந்த வாயாடி கிளம்பிட்டாளா?"

கானிஷாய் நிதானமாகப் படித்தாள். "இன்னும் ரெண்டு கிண்ணம் டீ பாக்கி இருக்குன்னு பதில் போடு, எஜே," என்றாள். அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

பூபுசாரா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை சாரம் சரிந்து எர்மெக் விழுந்து இறந்தான். செய்தி முதலில் எங்கள் பெரியவர் ஜுமாகதிருக்குத்தான் வந்தது. இப்படிப்பட்ட சேதியைத் தொலைபேசியில் சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை. பெரியவர்கள் போய் உட்கார்ந்து, சுற்றி வளைத்து, மெதுவாகச் சொல்லவேண்டும். சரிகிறவளைத் தாங்கப் பிறந்த வீட்டுக் கைகள் பக்கத்தில் இருக்கவேண்டும். ஆகவே அவள் தம்பி அசேக்கை வரச்சொல்லி, மறுநாள் நண்பகலில் சொல்வதென்று முடிவானது. அதுவரை தெரு முழுக்க வாயைக் கட்டிக்கொண்டது. கானிஷாய்கூட முக்காட்டு முனையை வாயில் அடைத்துக்கொண்டு திரிந்தாள். மாஸ்கோவில் இருந்த நண்பர்களுக்கும், நண்பகல் தாண்டும் வரை அம்மாவிடம் பேசாதீர்கள் என்று சொல்லியாயிற்று.

நண்பகல் வந்தது. அசேக் வரவில்லை. கணவாயில் பனி விழுந்து அவன் வண்டி சிக்கிக்கொண்டிருந்தது. ஜுமாகதிரும் கானிஷாயும் அதற்குள் பூபுசாராவின் வீட்டுக்குள் போய்விட்டார்கள்.

"என்ன பைகே, இந்தப் பனியில?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டாள் பூபுசாரா.

பெரியவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. வாயில் வந்ததைச் சொன்னார். "மாஸ்கோவுல இருக்கிற என் பேரன் முகத்தைப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்மா."

அவருக்கு அன்று புத்தி எங்கே போனதோ!

"அதுக்கென்ன, இப்பவே கூப்பிடலாம். எர்மெக்கும் ரெண்டு நாளா பேசலை. உங்க பேரன்கிட்டயே விசாரிச்சிடுறேன்." தடுக்க ஒரு காரணம் தேடி அவர் விழிப்பதற்குள் அவள் கைபேசியை இணைத்துவிட்டாள்.

எர்மெக்கோடு அறையில் தங்கியிருந்த சமத், வீட்டில் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்து எழுதிய செய்தி திரையில் வந்தது. பெரியவர் பாய்ந்துபோய் முன்னால் நின்று மறைக்கப் பார்த்தார். திரையோ அகலம், அவரோ ஒல்லி. பூபுசாரா எப்போதும்போல ஒவ்வொரு சொல்லாக உரக்கப் படித்தாள்.

"அம்மா... மனசைத் தேத்திக்குங்க... எர்மெக்கை வெள்ளிக்கிழமை விமானத்துல... அனுப்பி வைக்கிறோம்."

திரும்பிப் பார்த்தாள். "ஏன் இவங்க அனுப்புறாங்க? அவனுக்குத் தானா வரத் தெரியாதா?"

கானிஷாயின் வாய் கோணிக்கொண்டது.

பூபுசாரா திரையை அணைத்தாள். எங்கள் வழக்கம் அவளுக்கும் தெரியும். "அசேக் வரணும்ல?"

"கணவாயில இருக்கான்மா," என்றார் பெரியவர்.

"அப்ப நீங்க எதுவும் சொல்லாதீங்க, பைகே. அவன் வந்தாத்தானே சொல்லணும். அதுவரைக்கும் என் பிள்ளை இருக்கான்."

விரிப்பைப் போட்டாள். ரொட்டி வைத்தாள், தேநீர் ஊற்றினாள். எர்மெக் கோடையில் வந்தால் கூரைத் தகட்டை மாற்றவேண்டும், அவனுக்கு ஒரு பெண் பார்க்கவேண்டும் என்று பேசிக்கொண்டே இருந்தாள். "அந்தக் கடைசி வீட்டுப் பொண்ணு எப்படி, கானிஷாய்? கொஞ்சம் குட்டையோ?"

"குட்டையெல்லாம் இல்ல, எஜே. நல்ல பொண்ணு," என்றாள் கானிஷாய். அதற்குமேல் அவளால் முடியவில்லை. பெரியவர் குடிக்காத கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூன்று மணி நேரத்தைப் போன்ற கொடுமையை எங்கள் தெரு கண்டதில்லை.

வாசலில் வண்டி வந்து நின்றது. அசேக் பனியை உதறும் சத்தம் கேட்டது.

பூபுசாரா எழுந்து ஓடிக் கதவைத் தாழிட்டு, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"அவனைத் திரும்பிப் போகச் சொல்லுங்க, பைகே," என்றாள். "நாளைக்கு வரச் சொல்லுங்க."