உருண்டை மூக்குக்குள் ஒரு பெரிய இன்ஜின்

இன்ஜின் இருந்த பெட்டியைப் பஸ்ஸிலிருந்து இறக்கி, இடுப்பில் வைத்து, நான்தான் வீடுவரைக்கும் தூக்கி வந்தேன். வழியில் கேட்டவர்களிடம் மிக்ஸி என்று சொன்னேன். இந்த வயதில் பொம்மை விமானத்துக்கு இன்ஜின் வாங்கி வருகிறோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பொம்மை என்று நான் சொல்வதைக் கேட்டால் என் வீட்டுக்காரர் எழுந்து போய்விடுவார். அவருக்கு அது மாடல். பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் விமானங்களுக்கு மெக்கானிக்காக இருந்தவர். அவர் போய்ச் சேர்ந்த முதல் முகாமின் வாசலில் ஒரு பழைய சண்டை விமானத்தை மேடை கட்டி நிறுத்தி வைத்திருந்தார்களாம். முன்னால் ஒற்றை விசிறி, குடத்தைப் படுக்க வைத்த மாதிரி உருண்டை மூக்கு. அது பறந்து அவர் பார்த்ததே இல்லை. அதே விமானத்தை ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கி, மரத்தகட்டிலும் பைபரிலும் செய்து, தரையில் நின்றுகொண்டே கையில் ஒரு ரிமோட்டை வைத்துப் பறக்கவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆறு வருஷம் உட்கார்ந்து செய்தார். இரண்டு இறக்கையையும் பூட்டிவிட்டால் எங்கள் கூடத்துக் கதவைத் திறக்க முடியாது.

கை நடுக்கம் நடுவில் வந்தது. முதலில் டம்ளரில் தெரிந்தது, பிறகு கையெழுத்தில். வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் நல்ல மனிதர்தான், மறைக்காமல் சொன்னார். இது நிற்காது, கூடத்தான் செய்யும். மாத்திரை போட்டால் கொஞ்ச நேரம் கை சொன்ன பேச்சைக் கேட்கும். அந்த நேரமும் வரவரக் குறையும் என்றார். அப்போது இரண்டு மணி நேரம் கேட்டது.

திரும்பி வரும்போது, பஸ் ஆலங்காயம் தாண்டி எங்கள் மலையில் ஏறியது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அது பறக்கறதுக்குள்ள கை போய்டக் கூடாது. ஒரே ஒரு தபா. என் கையால."

"போவாது. நான் கீறேன்," என்றேன். யாரைக் கேட்டுக்கொண்டு அப்படிச் சொன்னேனோ.

அதற்கு முன்னால் ஒரு சின்ன இன்ஜினைப் போட்டுப் பார்த்திருந்தார். கீழே திருப்பத்தூர்ப் பக்கம் அது எழும்பியிருக்குமாம். மேலே எங்களுக்குக் காற்று மெலிசு. சாமை அறுத்து முடித்த கொல்லையில் அது ஓடியது, ஓடியது, வரப்பில் போய் முட்டி நின்றது. சக்கரம் தரையை விடவே இல்லை. என் கொழுந்தனார், அதாவது அவர் தம்பி, அதைப் பார்க்க வந்திருந்தார்.

"அண்ணி, இதுல ஏர் பூட்டிக்கலாம் போல கீதே. நல்லா உழுவுது!"

"உன் மாட்டுக்கு அந்த ஓட்டம் கூட இல்ல, போ," என்றேன். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

அதனால்தான் பெரிய இன்ஜின். அறுபது சிசி. ஒரு சின்ன மொபெட்டில் இருக்கிற அளவு. மூக்கு குட்டையாக இருப்பதால் விமானம் பின்பக்கம் தாழ்ந்துவிடும் என்று அவர் முன்னால் ஈயக் கட்டி வைத்திருந்தார். பெரிய இன்ஜின் வந்தால் ஈயம் வேண்டாம், அந்தக் கனம் இன்ஜினாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று கணக்குப் போட்டார். கணக்கெல்லாம் சரிதான். பெட்டியைப் பிரித்து இன்ஜினை எடுத்து அந்த உருண்டை மூக்குக்குப் பக்கத்தில் வைத்தபோதுதான் எனக்கு அதன் அளவு தெரிந்தது. பெரிய பூசணிக்காயைச் சின்னச் சட்டிக்குள் போடச் சொன்ன மாதிரி இருந்தது.

"மூக்குல ஓட்ட போட்டுக்கலாமா?" என்று கேட்டேன்.

"போடறதுக்கா ஆறு வருஷம் செஞ்சேன்?"

வெளியே ஒரு திருகாணிகூடத் தெரியக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். முகாம் வாசலில் பார்த்த முகம் அதே முகமாக இருக்க வேண்டும். எனக்கும் அது பிடித்திருந்தது. அரைகுறை வேலை எனக்கும் ஆகாது.

காலையில் மாத்திரை போட்டு, கை அடங்குவதற்காகக் காத்திருப்போம். அந்த இரண்டு மணி நேரத்தில் நுட்பமான வேலையை அவர் செய்வார். மற்ற நேரத்துக்கு என் கை. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். இன்ஜினோடு வந்த புத்தகம் இங்கிலீஷ். அவர் படித்துத் தமிழில் சொல்வார், நான் செய்வேன். இன்ஜினைத் தாங்குகிற முன்பலகையில் கார்புரேட்டர் நுழைய ஓட்டை அறுத்தது நான். பெட்ரோல் டேங்கைப் பின்னால் தள்ளி வைத்தது நான். சிலிண்டர் தலைகீழாகத் தொங்குகிற மாதிரி இன்ஜினைத் திருப்பி, நாலு போல்ட்டில் பூட்டியதும் நான்தான்.

"இன்னா பண்ற? அது பலா மரமா? மெதுவா அறு!"

"நீ வந்து அறு. நான் குந்திகினு பேசறேன்."

வெளியாள் முன்னால் அவரை வாங்க, போங்க என்றுதான் சொல்வேன். விமானம் செய்கிற அறைக்குள் அதெல்லாம் கிடையாது.

எல்லாம் பூட்டி மூக்கை மாட்டினால், ஸ்பார்க் பிளக்கின் தொப்பி ஒரு விரல் கனத்துக்கு இடித்தது. கழற்றினோம், பலகையை இழைத்தோம், மறுபடி மாட்டினோம். இடித்தது. பத்து முறையாவது இருக்கும். கடைசியில் சென்னையிலிருந்து, வளைந்து படுத்த மாதிரி இருக்கிற வேறு தொப்பியை வரவழைத்தார். அது வந்து சேர மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் மாத்திரையின் நேரம் ஒன்றரை மணியாகிவிட்டது. அவர் சொல்லவில்லை. சுவரில் இருக்கிற கடிகாரத்தைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன்.

புதுத் தொப்பி போட்டதும் மூக்கு உட்கார்ந்தது. நடுவில் ஒரு ரூபாய்க் காசு போகிற இடைவெளி. அவர் உள்ளங்கையால் அந்த உருண்டையைச் சுற்றித் தடவிப் பார்த்தார். எதுவும் தட்டவில்லை.

"பரவால்ல மே, உன் கை," என்றார்.

கல்யாணம் ஆகி அத்தனை வருஷத்தில் என் சமையலைக்கூட அவர் அப்படிச் சொன்னதில்லை.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கொல்லையில் சாமை நின்றது. அறுக்கும்வரை விமானத்தை ஓட்ட இடமில்லை. மூடி வைத்தோம். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் ஓட்டை எதுவும் சும்மா இருக்காது. குளவி வந்து மண்ணை உருட்டி வைத்துக் கூடு கட்டிவிடும். பூட்டுச் சாவி ஓட்டை, கேஸ் அடுப்புக் குழாய், கழற்றி வைத்த பைப்பு, எல்லாவற்றிலும் கட்டும். அதனால் தேன் எடுக்கிறவர்களிடம் மெழுகு வாங்கி உருட்டி அடைத்து வைப்பது எங்கள் வீடுகளில் வழக்கம். விமானத்துக்கும் அடைத்தேன். புகை போகிற வாயில் ஒரு உருண்டை, கார்புரேட்டர் வாயில் ஒன்று. வயிற்றுக்கு அடியில் பென்சில் முனை அளவுக்கு ஒரு செம்புக் குழாய் எட்டிப் பார்த்தது. அதற்கும் ஒரு பொட்டு வைத்தேன்.

அறுவடை முடிந்து சாமைத் தாள் காய்ந்ததும் விமானத்தை வெளியே எடுத்தோம். அன்றைக்கு அவர் மாத்திரை போட்டுக்கொண்டு தயாராக நின்றார். புறப்படும் முன்னால் கேட்டார்.

"அடச்ச மெழுகெல்லாம் எட்த்துட்டியா? காத்துக் குழா?"

"எல்லாம் எட்த்தாச்சு. எங்கிட்டயே கேக்கறயா? அந்த இன்ஜின வச்சதே நானு."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. குனிந்து பார்க்க அவருக்கு முடியாது, குனிந்தால் தலை சுற்றும். புகை வாயிலும் கார்புரேட்டரிலும் இருந்ததை நான் எடுத்திருந்தேன். மூன்றாவது என் நினைப்பிலேயே இல்லை.

கொழுந்தனார் வாலைப் பிடித்துக்கொண்டார். நான் கனமான கையுறை போட்டு விசிறியைத் தட்டினேன். நாலாவது தட்டில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. தாள் எல்லாம் படுத்தது. என் புடவை பின்னால் இழுத்தது. என் வீட்டுக்காரர் ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றரை நிமிஷம் இருக்கும். இன்ஜின் இருமியது, நின்றுவிட்டது.

கொஞ்சம் ஆறவிட்டு, பெட்ரோல் மூடியைத் திறந்து ஊற்றி, மறுபடி தட்டினேன். பிடித்தது. மறுபடி அதே ஒன்றரை நிமிஷம்.

"சூடு," என்றார். "மூக்குக்குள்ள காத்து போவல. மூச்சு முட்டுது அதுக்கு."

அவர் சொன்னது பொருந்தித்தான் இருந்தது. ஆறினால் ஓடியது, கொஞ்ச நேரத்தில் நின்றது. எண்ணெய் டின்னை வெட்டி, காற்றை சிலிண்டர் மேல் திருப்புகிற மாதிரி தகடு வைத்தேன். பின்பக்கம் காற்று வெளியேற வழியை அகலமாக்கினேன். ஆயில் கலக்கிற அளவை அவர் மாற்றினார். ஒவ்வொரு முறையும் கொல்லைக்குத் தூக்கிப் போவோம், ஒவ்வொரு முறையும் தூக்கி வருவோம். தை முடிந்து மாசியும் பாதி போனது. மாத்திரை முக்கால் மணி நேரம்தான் தாங்கியது.

"அண்ணே, பேசாம மூக்க அறுத்துடு. ஊருல யாரு வந்து பாக்கப் போறாங்க?" என்றார் கொழுந்தனார்.

அவர் தம்பியைத் திட்டவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் அறுக்கிற மிஷினைக் கையில் எடுத்தார். நான் வாங்கப் போனேன்.

"குடு. நான் அறுக்கறேன்."

"வேணாம். கெடுக்கறதுன்னா நானே கெடுக்கறேன்."

ஓட்டைக்கான வட்டம் பாதிவரை நன்றாகத்தான் வந்தது. அப்புறம் கை அவரை விட்டுப் போயிற்று. மிஷின் துள்ளி, மூக்கின் விளிம்பிலிருந்து பின்பக்கம்வரை ஒரே கீறல், கண்ணாடி விரிசல் விடுகிற மாதிரி. மிஷினை அணைக்கக்கூட அவர் விரலால் முடியவில்லை. நான் போய் வயரைப் பிடுங்கினேன். மிச்ச வட்டத்தை நான் அறுத்தேன். கீறலுக்கு உள்ளே துணி வைத்துப் பசை தடவினேன். அந்த உருண்டை முகத்தில் இப்போது ஓட்டை வழியாகச் சிலிண்டர் மண்டை வெளியே தெரிந்தது.

கொல்லைக்குக் கொண்டு போனோம். ஒன்றரை நிமிஷம். நின்றுவிட்டது.

அவர் ரிமோட்டைக் கழற்றித் தாள்மேல் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். அதற்குப் பிறகு மாத்திரையை நேரத்துக்குக் கேட்பதில்லை. கொடுத்தால் போட்டுக்கொள்வார். சோறும் நான்தான் ஊட்ட வேண்டியதாயிற்று.

பங்குனியில் விமானத்தை உத்தரத்தில் தொங்கவிடலாம் என்று கவிழ்த்துப் போட்டுத் துடைத்தேன். வயிற்றில் துணி ஓடும்போது அந்தச் செம்புக் குழாய் விரலில் பட்டது. நுனியில் என் பொட்டு அப்படியே இருந்தது. பெயின்டும் மெழுகும் ஒரே நிறம். கொண்டை ஊசியால் நோண்டி எடுத்தேன். இன்னும் தேன் வாசனை வந்தது. டேங்குக்குள் காற்று போக இருக்கிற ஒரே வழி அதுதான் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. பாட்டிலில் வாய் வைத்து உறிஞ்சினால், உள்ளே காற்று போகாவிட்டால், கொஞ்சம் வந்து நின்றுவிடும். மூடியைத் திறந்து ஊற்றும்போதெல்லாம் காற்று போயிருக்கிறது, அதனால் மறுபடி ஓடியிருக்கிறது. சூடும் இல்லை, ஒன்றும் இல்லை.

நாலு நாள் நான் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் சோறு ஊட்டும்போது சொன்னேன்.

"மெழுகு ஒண்ணு எடுக்காம வுட்டுட்டேன்."

மென்றுகொண்டே கேட்டார். "எந்தக் குழாய்ல?"

"வயித்துக்கு அடியில."

"கேட்டனே."

"கேட்ட."

அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தார். நான் வைத்தேன். தண்ணீர் குடித்த பிறகு, "நாளைக்கு எட்த்துகினு போலாம்," என்றார். அதில் கோபமும் தெரியவில்லை, சமாதானமும் தெரியவில்லை.

விடிந்ததும் மாத்திரை கொடுத்தேன். கொழுந்தனார் வந்து வாலைப் பிடித்தார். இரண்டாவது தட்டிலேயே இன்ஜின் பிடித்தது. ஒன்றரை நிமிஷம் கடந்தது. இரண்டு, மூன்று. இருமலே இல்லை. மூக்கை அறுக்காமலே இது இப்படித்தான் ஓடியிருக்கும்.

"அண்ணே, வுட்டுடட்டா?" என்று கொழுந்தனார் கத்தினார்.

என் வீட்டுக்காரர் பறக்கவிடும் முன்னால் எப்போதும் செய்கிற மாதிரி, வால் அசைகிறதா என்று பார்க்கக் கட்டைவிரலை ரிமோட்டின் குச்சியில் வைத்தார். வாலில் இருக்கிற தகடு படபடவென்று அடித்துக்கொண்டது. கையை எடுத்தார், தகடு நின்றது. வைத்தார், அடித்தது. அவர் விரலில் இருந்ததெல்லாம் அப்படியே அந்த வாலில் தெரிந்தது. முழங்கைகளை விலாவில் அழுத்திப் பிடித்துப் பார்த்தார். நான் பின்னால் நின்று இரண்டு தோளையும் பிடித்தேன். தகடு அடங்கவில்லை.

"இர்றா. மாத்திர வேல செய்யட்டும்," என்றார் தம்பியிடம்.

நின்றோம். கொழுந்தனாருக்குக் கை வலித்திருக்கும், மாற்றி மாற்றிப் பிடித்தார், விடவில்லை. இன்ஜின் ஒரே சுருதியில் ஓடியது. என் கைக்குக் கீழே அவர் தோள் ஆடிக்கொண்டே இருந்தது. கால் மணி நேரத்துக்குமேல் இருக்கும். பெட்ரோல் தீர்ந்து இன்ஜின் நின்றது.

கொழுந்தனார் வாலைத் தரையில் வைத்தார். எப்போதும் ஏதாவது சொல்கிற ஆள், அன்றைக்கு என்னைப் பார்க்காமல் செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"இன்னொரு தபா ஊத்தட்டா?" என்று நான் கேட்டேன்.

"வேணாம்," என்றார். ரிமோட்டை அணைக்க விரல் போகவில்லை, நான் அணைத்தேன். "வரப்பு ஓரம் கல்லு கீது. பாத்துத் தூக்குங்க."

அவர் முன்னால் நடந்தார். வால்பக்கம் கொழுந்தனார், மூக்குப்பக்கம் நான். இன்ஜின் கொதித்துக்கொண்டிருந்தது. ஓட்டையில் தெரிந்த மண்டை கையில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். தப்பு என்னுடையது என்று அவரிடம் நான் இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.